எந்த மாநிலத்துப் பிள்ளை

அவரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் உயரம், ஒடிசல், கழுத்தும் கொஞ்சம் நீளம். போதாக்குறைக்கு வேலையும் அப்படியே அமைந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்புகிற இடத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே மஞ்சள் நிற கிரேன், அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பிக்கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி இறக்குகிற ஆபரேட்டர் அவர். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் தரையைத் தொடுவார். வேலை நெருக்கடியான நாட்களில் சாப்பாடே பையில் போட்டுக் கயிற்றில் மேலே போகும்.

கட்டடம் முடிந்ததும் கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றுவார்கள். அதன் பின்னாலேயே கொக்கின் குடும்பமும் கிளம்பும். மனைவி, ஒரே மகள், சில மூட்டைகள், ஒரு கேஸ் அடுப்பு. அடுத்த வேலை பக்கத்து ஊரிலும் இருக்கலாம், மூன்று மாநிலம் தள்ளியும் இருக்கலாம். கொக்குக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. புது ஊர் என்றால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும். எந்த டீக்கடை, எந்த பஸ், எந்தத் தெருவில் காற்று வரும் என்று இரண்டே நாளில் தெரிந்துகொள்வார். மூன்றாம் மாதம் அந்த ஊர் அவருக்குப் புளித்துப் போகும்.

அவர் மனைவி எந்த வாடகை வீட்டுச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. "அடிச்சா மறுபடி பிடுங்கணும், அந்த ஓட்டைக்கு வீட்டுக்காரங்ககிட்ட பேச்சு வாங்கணும்" என்பார். கடிகாரத்தை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருப்பார். அது சாய்ந்தே இருந்ததால் எப்போதும் கொஞ்சம் மெதுவாக ஓடும்.

மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். வளர்ந்து அப்பாவின் தோளைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. படித்த பள்ளிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நடுவில் ஒன்றை விட்டுவிடுவாள். அம்மாவுக்கு இழுப்பு இருந்தது. தூசிக்கு, பனிக்கு, சில சமயம் காரணமே இல்லாமல் மூச்சு வாங்கும். ஊர் மாறும்போதெல்லாம் புது டாக்டர். புது டாக்டர் என்றால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எதைச் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும் என்று. மூச்சு வாங்குகிற அம்மாவால் பேச முடியாது, கொக்கோ வானத்தில் இருப்பார். ஆகவே பாப்பாதான் சொல்வாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "அம்மாவக் கூட்டிட்டு வந்த டாக்டரா நீ?" என்று கேட்டார். பாப்பா வெட்கப்பட்டாள். ஆனால் அந்தச் சொல் அவள் மனதில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளிப் படிப்பு முடிய இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள். பச்சை மிளகாயைக் கடித்தது போல கொக்கு விழித்தார். பிறகு, "படி, யார் வேண்டாம்னா?" என்றார். அது அவ்வளவு சுலபமான காரியமில்லை என்று அவருக்குச் சொன்னவர் மனைவியின் அண்ணன்.

அந்த அண்ணன் வேறொரு மாநிலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, ஆன்லைனில் அனுப்புவது எல்லாம் அங்கே நடக்கும். ஊரில் யார் எந்தப் படிப்புக்குப் போட்டாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. அதனால் எல்லாம் தெரிந்தவர் என்று அவருக்கே ஒரு நம்பிக்கை. பாதி சரியாக இருக்கும், மீதி அடித்து விடுவார். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது விஷயம் வந்தது.

"மாப்ள, பாப்பா எந்த மாநிலத்துப் பிள்ளை?" என்று கேட்டார்.

"எந்த மாநிலம்னா... இப்ப இருக்கற மாநிலம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இருந்த மாநிலம்."

"அதான் மாப்ள வினை! அரசாங்கக் காலேஜ்ல சீட்டு வேணும்னா பெத்தவங்க ரெண்டு வருஷமாவது விடாம ஒரே மாநிலத்துல இருந்து வேலை பார்த்திருக்கணும். அப்பதான் உள்ளூர்ப் பிள்ளை. உங்க பொண்ணு எந்த மாநிலத்துக்கும் சொந்தம் இல்ல. எங்க போய் நின்னாலும் வெளியூர்க்காரிதான்."

"தனியார் காலேஜ் இருக்குல்ல மச்சான்? அங்கயும் இதையெல்லாமா பாப்பாங்க?"

"பாக்காம? அங்க இன்னும் மோசம். வெளி மாநிலம்னு தெரிஞ்சா விண்ணப்பத்தைப் பிரிக்கக்கூட மாட்டாங்க."

கொக்கு மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். பாப்பா யாரையும் பார்க்காமல் தட்டைக் கழுவப் போனாள். அன்று சாயங்காலமே கொக்கு முடிவு செய்துவிட்டார். எதையும் யோசித்துச் செய்கிற ஆள் இல்லை அவர். கிளம்புவதில் எவ்வளவு அவசரமோ, தங்குவது என்று முடிவெடுப்பதிலும் அவ்வளவே அவசரம்.

மச்சான் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தார்கள். கொக்குக்கு அந்த ஊரில் கிரேன் வேலை இல்லை. உயரமான கட்டடம் எதுவும் அங்கே எழும்பவில்லை. தரை ஓடுகள் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கில், சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. முன்னால் சுமை மறைக்கும் என்பதால் அந்த வண்டியைப் பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பீப் பீப் என்ற சத்தத்தோடு பின்னாலேயே போக வேண்டும். "மேல போய்க்கிட்டிருந்த மனுஷன், இப்போ பின்னால போய்க்கிட்டிருக்கேன்" என்று கிடங்குக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு கொஞ்ச நாள்தான் இருந்தது.

அதன் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துவார். அடுத்த வாரம் திரும்பவும் பழைய இடம். வெளியே போய் வந்த மனைவி கட்டில் இருந்த இடத்தில் மேஜையில் இடித்துக்கொண்டு, "ஏங்க, என் வீட்டுக்குள்ளயே எனக்கு வழி தெரியாம பண்றீங்களே" என்று திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமலேயே திரும்பி வருவார். ஒரு கண்டக்டர் அவரை டிக்கெட் பரிசோதகர் என்றே நினைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டாராம்.

"கிரேன்ல ஒண்ணு உண்டு, தெரியுமா?" என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னார். "வேலை முடிஞ்சதும் மேல இருக்கற கையைப் பூட்டி வைக்கக் கூடாது. பிரேக்கை விட்டுடணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் திரும்பிக்கும். பூட்டி வெச்சா சாஞ்சிடும்."

"நீங்க கிரேன் இல்லைங்க" என்றார் மனைவி. "ஒரு பிள்ளைக்கு அப்பா."

மனைவிக்கோ அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. முதல் முறையாகச் சுவரில் ஆணி அடித்தார். கடிகாரம் நேராகத் தொங்கிச் சரியாக ஓடியது. பக்கத்துத் தெருவில் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத ஒரு மர அலமாரியைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டார். அது வீட்டுக்குள் நுழைவதற்குக் கதவையே கழற்ற வேண்டியிருந்தது. கொக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். மனைவி அதில் சேலைகளை அடுக்கினார்.

ஒன்றரை வருடம் போனது. அப்போதுதான் பழைய மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

"கொக்கு! பக்கத்து மாநிலத்துல ஒரு டவர் ஏத்திக்கிட்டிருக்கோம். இதுவரைக்கும் நாம தொட்டதுலயே இதுதான் உசரம். ஆபரேட்டருக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கிடக்கான். நீ வந்து கொஞ்ச நாள் பாத்துக் குடு. மேல்தளம் போட்டதும் போயிடலாம்."

"முடியாது மேஸ்திரி. பொண்ணு விஷயம் ஒண்ணு இருக்கு."

"பொண்ணையா கூப்பிடறேன்? உன்னைத்தானே?"

கொக்கு முடியாது என்று இன்னொரு முறை சொன்னார். போனை வைத்தார். மறுநாள் கிடங்கில் ஒரு அடுக்கு ஓடுகளை வண்டியால் தட்டி உடைத்தார். அதற்கு மறுநாள் மனைவியிடம் வந்து நின்றார்.

"ஒரு சில வாரம்தான்."

"பாப்பா விஷயம் என்னாகும்?"

"நீங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க? வீடு இங்க, பள்ளிக்கூடம் இங்க. நான் போய்ட்டு வந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"அண்ணனை ஒரு வார்த்தை கேளுங்க."

"உங்க அண்ணன் எதைக் கேட்டாலும் கூடாதுன்னுதான் சொல்வாரு."

கேட்காமலே போனார். மேலே ஏறிக் கூண்டுக் கதவைச் சாத்தி, காற்றுமானியைப் பார்த்து, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கீழே ஊர் விரிந்து கிடந்தது. சில வாரம் என்று போனவர் பல மாதம் இருந்தார். ஒவ்வொரு தளமும் முடியும்போது அடுத்தது போடட்டும் என்று தோன்றியது. போனில் கேட்டால், "இந்தா, வந்துட்டேன்" என்பார். மழைக்காலம் வந்து மனைவிக்கு இழுப்பு அதிகமானபோது பாப்பா போன் செய்தாள். அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

பாப்பா பள்ளி இறுதித் தேர்விலும் நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அப்பாவும் மகளுமாகக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கப் போனார்கள். அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அலுவலர் நல்ல மனிதர்தான். திரையைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"நீங்க நடுவுல வேற மாநிலத்துல வேலை பார்த்திருக்கீங்களே, சார்."

"கொஞ்ச நாள்தான். குடும்பம் இங்கதான் இருந்துச்சு."

"உங்க தொழில் வரி அங்க பிடிச்சிருக்காங்க. அப்பா வேலை பார்க்கற இடம்தான் கணக்கு. விடாம ரெண்டு வருஷம்னு விதி. நீங்க திரும்பி வந்த நாள்லேர்ந்துதான் மறுபடி எண்ணணும்."

"சார், அம்மா இங்கயே வேலைல இருந்தாங்க" என்றாள் பாப்பா.

"அம்மா சேர்ந்தே ரெண்டு வருஷம் ஆகலயேம்மா. இருந்தா அதை வெச்சே குடுத்திருப்பேன்."

கொக்கு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். பாப்பா, "சரிங்க சார்" என்று சொல்லி நகர்ந்தாள். வீடு வரை இரண்டடி முன்னாலேயே நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று கொக்குக்கு இருந்தது. வழியில் இருமுறை செருப்பு வாரைச் சரிசெய்வது போல நின்றார். அவள் நின்று காத்திருந்தாள், அவ்வளவுதான்.

திட்டுகிற வேலையை மனைவி பார்த்துக்கொண்டார். "அடக்கமா ரெண்டு வருஷம் உங்களால உக்கார முடியல! பெத்த பொண்ணுக்காக உக்கார முடியல!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பாப்பா மருந்தைக் கொண்டுவந்து உறிஞ்சக் கொடுத்ததும் அதோடு நிறுத்தினார். கொக்கு வாசலில் போய் நின்றார். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

ஜெராக்ஸ் மாமா வந்து தலையில் கைவைத்தார். "அரசாங்கக் காலேஜ் போச்சு. தனியாரும் போன மாதிரிதான்."

"மாமா, எல்லா தனியார் காலேஜும் ஒண்ணு இல்ல" என்றாள் பாப்பா. அன்றுதான் அவள் மாமாவை முதல்முறையாக எதிர்த்துப் பேசினாள். "நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் முழுக்க ஒவ்வொரு கல்லூரியாகப் போன் செய்தாள். கொக்கு கிடங்குக்கு மட்டம் போட்டுவிட்டு, அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டு, அவள் பேசுகிற பாதிப் பேச்சைக் கேட்டபடி நின்றார். ஒரு கல்லூரி, எந்த மாநிலம் என்பதை நாங்கள் பார்ப்பதே இல்லை என்றது. இன்னொன்று, பார்ப்பதில்லை என்றுதான் சொல்வோம், ஆனால் இந்தப் பகுதியிலேயே தங்கி வேலை பார்ப்பவர்களாக இருந்தால் நல்லது என்று இழுத்தது. அவர்கள் இருந்த மாநிலத்துத் தனியார் கல்லூரியோ தெளிவாகவே சொன்னது: எங்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறது, அதனால் பெரும்பகுதி இடம் எங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மீதியில்தான் மற்றவர்கள், அதற்குப் போட்டி அதிகம்.

அதாவது மாமா சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை.

கொக்கால் சும்மா இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, தாங்கள் இருந்த மாநிலத்துத் தனியார் கல்லூரிக்குப் போனார். சேர்க்கை அலுவலகத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம், "தப்பு என்னோடது, என் பொண்ணோடது இல்ல. அவ இங்கதான் இருந்தா. நான்தான் நடுவுல போய்ட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதையே வேறு மாதிரி இன்னொரு முறை சொன்னார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "சார், நீங்க சொல்றதை நான் எங்கயும் எழுத முடியாது. உங்க பொண்ணு விண்ணப்பத்துல என்ன இருக்கோ அதைத்தான் குழு பாக்கும். வெளி மாநிலம்னு வந்தாலும் கூப்பிடத்தான் செய்றோம். கம்மியாக் கூப்பிடறோம், அவ்வளவுதான். அவ எழுதட்டும்."

இது பாப்பாவுக்குத் தெரிந்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சான்றிதழ் இல்லை என்றபோது வராத கோபம்.

"உங்களை யாருப்பா போகச் சொன்னா? போகக் கூடாதுன்னா போறீங்க, போக வேண்டாம்னாலும் போறீங்க! எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காதீங்க. என் மார்க்கை நான் வாங்கியிருக்கேன். என் சீட்டையும் நான் வாங்கிக்கறேன்."

கொக்கு, "சரிம்மா" என்றார். 

விண்ணப்பித்த இடங்களில் சில பதிலே போடவில்லை. அவர்கள் இருந்த மாநிலத்துத் தனியார் கல்லூரி நேர்காணல் முடித்து, காத்திருப்போர் வரிசையில் வைத்தது. மாநிலம் பார்ப்பதில்லை என்ற ஒரு கல்லூரி முதல் கட்டத்திலேயே கழித்துவிட்டது. தூரத்தில், மலையடிவாரத்தில் இருந்த இன்னொரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. அவர்கள் ஒருநாளும் வாழ்ந்திராத மாநிலம் அது. மனைவிக்குக் காப்பகத்தில் விடுப்பு இல்லை. அப்பாவும் மகளும் ரயிலேறினார்கள்.

நேர்காணல் அறைக்கு வெளியே நீளமான நடைபாதை. சுவரோரம் நாற்காலிகள். பெற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், கொக்கு மட்டும் நடந்தார். அந்தக் கோடியில் தண்ணீர்க் குழாய், இந்தக் கோடியில் அறிவிப்புப் பலகை. பலகையில் இருந்ததையெல்லாம் படித்தார். தொலைந்துபோன குடை ஒன்றைப் பற்றி இருந்ததையும் படித்தார்.

"உக்காருங்க சார், எனக்குத் தலை சுத்துது" என்றார் ஒரு மனிதர். அதே ஊரில் செருப்புக் கடை வைத்திருப்பவராம். மகனுக்காக வந்திருந்தார்.

"உங்களுக்கென்ன, நீங்க உள்ளூர்" என்றார் கொக்கு உட்கார்ந்தபடி.

"போன வருஷமும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. உள்ளூர்ப் பையன், கண்டிப்பாக் கிடைக்கும்னு. கிடைக்கல. இந்தக் காலேஜ் சுவத்துக்குப் பின்னாடிதான் எங்க வீடு. துணி காயப்போட்டா பறந்து இங்கதான் விழும். துணி உள்ள வந்துடுது, பையனாலதான் வர முடியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கொக்கு எழுந்து மறுபடி நடந்தார். இந்த முறை செருப்புக் கடைக்காரரும் கூட நடந்தார்.

பாப்பா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"நிறைய. கடைசியா, நீ எங்கெங்கயோ இருந்திருக்கே, படிச்சு முடிச்சா இந்தப் பக்கமே இருப்பியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்."

கொக்கு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமான்னு சொல்லியிருக்கலாமேம்மா! ஒரு வார்த்தை!"

"எப்படிப்பா சொல்றது? நான் எங்கயும் இருந்ததே இல்லயே. ஒரு ஊர்ல இருக்கறதுன்னா எப்படி இருக்கும்னு இப்பதான் கொஞ்சம் தெரிஞ்சுது. அதைத்தான் சொன்னேன்."

திரும்பி வரும் ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். கொக்கு ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி நின்று, ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் ஏறினார்.

பிறகு வந்த நாட்கள் வீட்டில் யாருக்கும் நல்ல நாட்களாக இல்லை. கொக்கு நெருப்பின் மேல் நின்றார். கிடங்கில் ஓடு உடைந்தது, வீட்டில் கட்டில் நகர்ந்தது. அலமாரியையும் நகர்த்திப் பார்த்தார், அது அசையவில்லை. மேஸ்திரி கூப்பிட்டபோது போனைக் கவிழ்த்து வைத்தார். ஜெராக்ஸ் மாமா தினமும் வந்து, "வெளி மாநிலம்... கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரு மதிய வேளையில் பாப்பா கிடங்குக்கே ஓடி வந்தாள். ஃபோர்க்லிஃப்ட்டின் பீப் சத்தத்தில் அவள் கத்தியது கேட்கவில்லை. கையை ஆட்டினாள். கொக்கு வண்டியை அப்படியே நிறுத்தி இறங்கினார். மலையடிவாரக் கல்லூரி இடம் கொடுத்திருந்தது. மதிப்பெண்ணுக்காக உதவித்தொகையும் உண்டு. கொக்கு அழுதார், சிரித்தார், கிடங்கில் இருந்த எல்லோரிடமும் போய்ச் சொன்னார். பாதி பேருக்கு இவருக்கு மகள் இருப்பதே அன்றுதான் தெரியும்.

விஷயம் அதோடு முடியவில்லை. பாப்பா பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம், இந்த மாநிலத்துத் தனியார் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் அரசாங்கக் கல்லூரிக்குப் போய்விட்டதால் இடம் காலி. அந்த உதவித்தொகைக்குச் சமமாக இவர்களும் தருவார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

மனைவியின் முகம் பூத்துவிட்டது. "தெய்வம் கண்ணைத் திறந்துடுச்சு! இங்கயே இரும்மா. சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடலாம்." கொக்குக்கும் அதே ஆசைதான். அவள் இங்கே சேர்ந்துவிட்டால், அவர் நடுவில் போன அந்த மாதங்கள் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

பாப்பா பெட்டியை மூடவில்லை, திறக்கவும் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் அங்கயே போறேன்."

"ஏண்டி? இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. தெரியலன்னு சொன்னப்புறமும் அவங்க என்னை எடுத்தாங்க. இங்க, யாரோ போனதால நான். அப்படி இருக்கறது எனக்குப் பிடிக்கல. அப்புறம்..." அவள் மூடாத பெட்டியைப் பார்த்தாள். "அந்த மலையைப் பார்த்ததும் எனக்கு உடனே போய் ஏறணும்னு இருந்துச்சும்மா."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. "ரத்தம்! வேற என்ன!" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூச்சு இழுத்தது. பாப்பா மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

விடுதியில் அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பியதும், கொக்கு சுற்றி வளைத்து மனைவியிடம் கேட்டார். மேஸ்திரி மறுபடி கூப்பிட்டிருக்கிறார், கடலோரத்தில் ஒரு பெரிய கட்டடம், இனிமேல் யாருக்காகவும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டியதில்லை, மூட்டையைக் கட்டலாமா என்று.

"நீங்க போங்க" என்றார் மனைவி. "நான் வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரலதான். இந்த ஊர் டாக்டரம்மாவுக்கு என் பேரு தெரியும். நான் உள்ள நுழைஞ்சதும், போன தடவை குடுத்த மருந்து எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. என்கிட்ட அப்படி யாரும் கேட்டதே இல்ல. கூட வந்து எனக்காகப் பேசறதுக்குப் பாப்பாவும் இப்ப இல்ல. இன்னொரு ஊர்ல போய் முதல்லேர்ந்து என் கதையை யார் சொல்றது?"

கொக்குக்கு அது நியாயம் என்று தெரிந்தது. தனியாகப் போவது என்பது அவர் நினைத்துப் பார்க்காத விஷயம். ஊர் ஊராகத் திரிந்தாலும் அவர் ஒருநாளும் வீட்டை விட்டுப் போனதில்லை. அந்த டவர் வேலை ஒன்றைத் தவிர, வீடு எப்போதும் அவரோடு கூடவே வந்தது.

ஆனாலும் போனார். மாதக் கடைசியில் வருவார். காப்பகத்துக் குழந்தைகளின் பெயர்களை மனைவி சொல்லச் சொல்லக் கேட்பார், குழாயில் வாஷர் மாற்றுவார், ஜெராக்ஸ் மாமாவோடு வாக்குவாதம் செய்வார். அந்த மாமா இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தனியார் காலேஜா? மாநிலமெல்லாம் பாக்கவே மாட்டாங்க, என் மருமகளே சாட்சி" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பாதிதான் சரி.

அடுத்த வருடம் மனைவிக்கு அந்த மாநிலத்துக் குடியிருப்புச் சான்றிதழ் கிடைத்தது. விடாமல் இருந்தவர் அவர் ஒருவர்தானே. அதைப் பாப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். பாப்பா பிணத்தை அறுத்துப் படிக்கிற வகுப்பிலிருந்து வெளியே வந்து போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாளாம். இப்போது அவளுக்கு நாற்றம் பழகிவிட்டதாம், விடுமுறைக்கு வருவாளா என்று கேட்டால் மட்டும், "பார்க்கலாம்மா" என்கிறாளாம்.

கொக்கு வீட்டுக்கு வரும் முதல் நாள் சந்தோஷமாக இருப்பார். இரண்டாம் நாள் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மூன்றாம் நாள் காலையில் மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துவைத்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்து, "கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார். பஸ் சாயங்காலம்தான். அது இருவருக்கும் தெரியும். கொக்கு செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தே போவார்.